எண்ணெய்த் துணி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கையில் சேரும்போது கடல் அடங்கியும் உங்கள் உடம்பு சுகமாகவும் இருக்க வேண்டும். இங்கே மூன்று பேரும் நலம். மூன்று பேர் என்று எழுதும்போதே கை ஒரு நொடி நின்றுவிட்டது. ஆமாம், நீங்கள் சொன்னபடி உங்கள் தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்துவிட்டேன்.

போனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். அப்போது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து நம் வாலுவுக்குப் பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வேறு என்ன சொல்ல முடியும்? அதனால்தான் எழுதுகிறேன். கப்பல் கம்பெனி ஆபீஸில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உங்கள் சமையற்கட்டுக்கே வந்து சேருமாம்.

டாக்டரம்மா என்னை உட்கார வைத்து நெடுநேரம் பேசினார். நோய் இப்போது கட்டுக்குள் இருக்கிறதாம். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் போதுமாம். அன்றைக்குத் தையல் கடைக்கு நெருப்பு வைத்தது அவர் இல்லை, அவருடைய நோய் என்றார். நானும் தலையை ஆட்டினேன். டாக்டரம்மாவுக்கென்ன, சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அந்தக் கடைக்குள் புகுந்து தம்பியை இழுத்து வந்த உங்கள் கைக்கு மாதக்கணக்கில் மருந்து போட்டுக் கட்டியவள் நான்தானே.

உங்கள் தம்பி ஆள் பாதியாக மெலிந்திருக்கிறார். தண்ணீர் குடிக்க டம்ளரை எடுப்பதற்குக்கூட என்னிடம் கேட்கிறார். நம் படகுப் பட்டறையை ஒட்டிய சின்ன அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறேன். பகல் முழுக்கப் படகுக்குப் பூச்சு வேலை செய்கிறார். வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பூச்சு என்றால் பெயின்ட் என்று நினைக்காதீர்கள். நீங்கள் போன பிறகு நம் பட்டறை மீன் எண்ணெய்க்கு மாறிவிட்டது. தன் இரண்டு படகையும் மழைக்கு முன்னால் முடித்துத் தரச் சொன்ன அக்கரைப் படகுக்காரருடைய பிடிவாதம் அது. பெயின்ட் பலகைக்கு மேலே உட்கார்ந்து வருஷம் திரும்புவதற்குள் உரிந்துவிடும், எண்ணெய் பலகைக்குள்ளேயே குடியேறிவிடும் என்கிறார். மீனை வேகவைத்துப் பிழிந்து எடுக்கிற ஆலையிலிருந்து எண்ணெய்க்காரர் பீப்பாயில் கொண்டுவந்து இறக்குகிறார். பழுப்புத் தேன் மாதிரி இருக்கிறது. வெயிலில் வைத்து இளக்கி, பழைய துணியில் தோய்த்து அழுத்தித் தேய்க்க வேண்டும். முதல் பூச்சைப் பலகை அப்படியே குடித்துவிடும். அடுத்த பூச்சு காற்றுப் பட்டு மெல்ல இறுகித் தோல் போல ஆகும். அப்புறம் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். மிஞ்சியதை நங்கூரச் சங்கிலிக்குத் தடவுகிறேன், துரு அண்டுவதில்லை. என் பூட்ஸுக்கும் அதுதான். சோப்புத் தண்ணீரில் கலந்து எலுமிச்சை மரத்துக்கு அடித்தேன், பூச்சி ஓடிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மீன் எண்ணெய் மாத்திரை கொடுக்கிறார்களாம். வாலு தன் டீச்சரிடம், எங்க வீட்ல பீப்பாயே இருக்கு என்று பீற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். வாடைதான் சகிக்கவில்லை. தலையணை வரைக்கும் ஏறிவிட்டது.

வாடையைப் பொறுத்துக்கொள்வேன். எண்ணெய்க்காரர் போகிற போக்கில், ஒரு காலத்தில் இதை ஊற்றித்தான் விளக்கு எரித்தார்கள், நின்று எரியும் என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கள் தம்பி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றே தீப்பெட்டிகளைச் சர்க்கரை டப்பாவுக்குள் புதைத்தேன். அவர் ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போதுதான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன். தேய்த்து முடித்த துணிகளை அவர் வேலியில் வரிசையாக விரித்துப் போடுகிறார். அவர் வருவதற்கு முன்னால் நானும் அப்படி வேலியில் வீசிவிட்டுத்தான் போவேன், ஒன்றும் தோன்றியதில்லை. இப்போது எண்ணெய் ஊறிய துணி அவர் கண்ணெதிரே காற்றில் ஆடுவதைப் பார்த்தால் பதறுகிறது. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் எல்லாவற்றையும் சுருட்டி ஒரு சாக்கில் திணித்து வேலைமேஜைக்கு அடியில் தள்ளிவிடுகிறேன்.

இதையெல்லாம் செய்துவிட்டு அவருக்கே சாப்பாடும் போடுகிறேன். என்ன பிழைப்பு இது, சொல்லுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கும்போது கப்பல் ஆடப்போகிறது, கவனம்.

இப்படிக்கு, உங்களை நினைத்தபடி,
வாலுவின் அம்மா


அன்புள்ள உங்களுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். பட்டறையில் புகை வந்துவிட்டது.

நல்ல வெயில் நேரம். நான் வீட்டுக்குள் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தலைமுடியும் மீனும் சேர்ந்து கருகுகிற மாதிரி ஒரு நாற்றம். ஓடினேன். வேலைமேஜைக்கு அடியிலிருந்து புகை சுருண்டு சுருண்டு வந்துகொண்டிருக்கிறது. அதன் முன்னால் உங்கள் தம்பி, கையெல்லாம் எண்ணெயோடு, வெறித்துப் பார்த்தபடி நிற்கிறார். ஓடவும் இல்லை, தண்ணீர் எடுக்கவும் இல்லை. நான்தான் வாளி வாளியாக ஊற்றினேன். சாக்கைக் கவிழ்த்தபோது நடுவில் கரி. அதற்குள் இன்னும் செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருந்தது.

நான் கேட்பதற்குள் அவரே சட்டைப்பையையும் கால்சட்டைப்பையையும் வெளியே இழுத்துக் காட்டினார். தீக்குச்சி இல்லை, ஒன்றும் இல்லை. பிறகு ஒரு வார்த்தை சொன்னார்.

"செஞ்ச ஞாபகம் இல்ல அண்ணி. ஆனா என் ஞாபகத்த நம்பலாமான்னு தெரியல."

பட்டறையில் வேறு யாரும் இல்லை. அவர் வருவதற்கு முன்னால் ஒரு நாள்கூட இப்படி ஆனதில்லை. நான் என்ன நினைக்கட்டும்? டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். பேச்சிலும் தூக்கத்திலும் மாற்றம் உண்டா என்று விசாரித்தார். இல்லை என்றேன். மாத்திரை அட்டையைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், ஒரு வேளைகூட விடவில்லை. அப்படியானால் அவசரப்பட வேண்டாம், கூடவே இருந்து கவனியுங்கள் என்றார். கூடவே இருந்து எரிந்து போகச் சொல்கிறாரா என்று போனை வைத்த பிறகு கத்தினேன். அது உங்கள் தம்பி காதில் விழுந்திருக்கும்.

படகுக்காரர் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். பழைய கதை அவருக்கும் தெரியும் அல்லவா. ஆளைத் திருப்பி அனுப்பு, இல்லாவிட்டால் என் படகை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று முற்றத்தில் நின்று சொன்னார். மெதுவாகச் சொல்கிற பழக்கம் அவருக்குத்தான் கிடையாதே.

அன்று சாப்பிட உட்காரும்போது உங்கள் தம்பி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "நான் தனியா இருக்குற நேரத்துல வெளிய பூட்டிருங்க அண்ணி. எனக்கும் நிம்மதியா இருக்கும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாலுவை அழைத்து வரப் பள்ளிக்கூடம் போகும்போது, சந்தைக்குப் போகும்போது, அவரே ஒரு பாட்டில் தண்ணீரோடு அறைக்குள் போய்விடுகிறார். நான் வெளியே பூட்டுகிறேன். சத்தம் கேட்காமல் பூட்டப் பார்க்கிறேன், அந்தப் பழைய பூட்டு கேட்டால்தானே. பூட்டிய பிறகு தெருவில் நடக்கும்போது எனக்கு எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா? அதை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது.

எண்ணெய்த் துணி எதுவும் இனிமேல் அவர் கைக்கு எட்டாது. அவர் அறைக்கு அடுத்த தட்டுமுட்டு அறையில் உங்கள் பழைய மரப்பெட்டி கிடக்கிறது அல்லவா, எல்லாவற்றையும் அதில் போட்டு முழங்காலால் அமுக்கி மூடிப் பூட்டிவிடுகிறேன். இரண்டு சாவியும் என் கழுத்துக் கயிற்றில் தொங்குகின்றன.

சித்தப்பா என்ன தப்பு பண்ணாங்க என்று வாலு கேட்கிறாள். கப்பல் வேலை ஒப்பந்தத்தை இன்னொரு தடவை நீட்டிக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள்.

பயத்தோடு,
வாலுவின் அம்மா


அன்புள்ள உங்களுக்கு,

பதறாதீர்கள். மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வாலுவைக் கூட்டிக்கொண்டு தெருமுனை திரும்பும்போதே அதே நாற்றம். மனசு ஒத்துக்கொள்ளவில்லை, எங்கேயோ குப்பை எரிகிறது என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். முற்றத்துக்கு வந்தால், தட்டுமுட்டு அறையின் தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் மஞ்சள் புகை பிதுங்கிக்கொண்டு வருகிறது. உள்ளே பலகை வெடிக்கிற சத்தம். அடுத்த அறையில் உங்கள் தம்பி. வெளியே நான் போட்ட பூட்டு.

சாவி என் கழுத்தில்தான் இருந்தது. நான் நின்றுவிட்டேன். கதவைத் திறந்தால் உள்ளே அவர் எந்தக் கோலத்தில் இருப்பாரோ, கையில் என்ன வைத்திருப்பாரோ என்று நினைத்து நின்றேன். ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். ஆனாலும் நின்றேன். இதை உங்களுக்கு எழுதாமல் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை. எழுதிவிட்டேன்.

உள்ளேயிருந்து அவர் கதவைத் தட்டவில்லை. காப்பாற்றச் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. எங்கள் காலடிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். இருமலுக்கு நடுவே குரல் மட்டும் வந்தது.

"அண்ணி, மொதல்ல வாலுவ தூரமா கொண்டு போங்க. பீப்பா செவத்துக்கு அந்தப் பக்கந்தான் இருக்கு."

அப்போதுதான் எனக்குக் கால் வந்தது. வாலுவைப் படகுத்துறைப் பக்கம் ஓடச் சொல்லித் தள்ளினேன். அவசரத்தில் பெட்டிச் சாவியைக் கதவில் போட்டுத் திருகிக்கொண்டிருக்கிறேன், திறக்குமா? பிறகு மற்றது. திறந்ததும் ஈரத்துண்டால் மூக்கைப் பொத்தியபடி அவர் வெளியே விழுந்தார். நான் பின்னால் ஒதுங்கினேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். எழுந்து நேரே எண்ணெய்ப் பீப்பாயிடம் போனார். அதைச் சாய்த்து ஆற்றுப் பக்கம் உருட்ட ஆரம்பித்தார். பீப்பாயின் தகரம் சூடேறிவிட்டதால் உள்ளங்கை சுட்டு அவர் முகம் கோணுவது தெரிந்தது. நானும் போய் மறுபக்கம் பிடித்தேன். ஒரு பீப்பாய் முடிந்து இன்னொன்று. அதற்குள் படகுக்காரரும் துறையில் நின்றவர்களும் வாளியோடு ஓடி வந்துவிட்டார்கள்.

தீயணைப்பு வண்டி வந்தது. தட்டுமுட்டு அறை போய்விட்டது. அவருடைய அறையில் பாதி இல்லை. ஒரு படகுக்கு மூக்கு கருகியிருக்கிறது. பீப்பாய் மட்டும் அங்கேயே நின்றிருந்தால் பட்டறையோடு நம் வீடும் பக்கத்து வீடும் மிஞ்சியிருக்காது என்று வண்டியில் வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

தீயணைப்பு அதிகாரி ஒரு பெண், என்னைவிட வயதில் சின்னவர். வந்ததும் வராததுமாகப் படகுக்காரர் உங்கள் தம்பியைச் சுட்டிக்காட்டிப் பழசு புதுசு எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். உங்கள் தம்பி மறுக்கவில்லை. சுட்ட கை இரண்டையும் முன்னால் நீட்டியபடி நின்றார். விலங்கு போடட்டும் என்று நிற்கிறாராம். நானும் அவருக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சாம்பலுக்குள் போனார். கொக்கி போட்டு மரப்பெட்டியை இழுத்து வந்தார். பெட்டியின் வெளிப்பலகை பாதி அப்படியே இருந்தது. பூட்டு பூட்டினபடி தொங்கியது. உள்ளே மட்டும் வெறும் வெள்ளைச் சாம்பல். வெளியிலிருந்து பிடித்த நெருப்பு இல்லை, உள்ளேயிருந்து வெளியே வந்த நெருப்பு. இந்தச் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டார். நான் கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். அந்த அறைச் சாவி? அதையும் காட்டினேன். பெட்டியில் என்ன இருந்தது? துணி என்றேன். எண்ணெய்த் துணி. என்ன எண்ணெய்? மீன் எண்ணெய்.

அவர் பெருமூச்சு விட்டு, முற்றத்திலேயே ஒரு பலகை மேல் உட்கார்ந்து எனக்கு விளக்கிச் சொன்னார். மீன் எண்ணெய் பலகையில் இறுகுகிறதே, அது தண்ணீர் மாதிரி காய்ந்து போவது இல்லையாம். காற்றை உள்ளே இழுத்து இறுகுகிறதாம். அப்படி இறுகும்போது சூடு பிறக்குமாம். பலகையிலோ வேலியிலோ விரிந்து கிடந்தால் அந்தச் சூட்டைக் காற்று கொண்டு போய்விடும். சுருட்டித் திணித்துவிட்டால் சூடு போக வழி இல்லாமல் தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு, கடைசியில் பற்றிக்கொள்ளும். தீக்குச்சி வேண்டாம், ஆள் வேண்டாம். அதுவும் வெயில் காய்கிற தகரத்துக்குக் கீழே என்றால் கேட்கவே வேண்டாம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று காலைத் துணிகள் படகுக்கு அடியில் ஒரு வாளியில் அமுக்கிக் கிடந்தன, பெட்டிக்குக் கொண்டுபோக நேரம் கிடைக்கவில்லை. அதிகாரி அதில் கையை விட்டுப் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டார். விட்டேன். மேலே குளிர்ச்சி. உள்ளே காய்ச்சல் கண்ட குழந்தையின் அக்குள் மாதிரி சுட்டது. யாரும் தொடாத துணி. உயிர் இருக்கிற மாதிரி சுட்டது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

உங்கள் தம்பி மெல்லப் பக்கத்தில் வந்தார். "அப்போ நான் இல்லையா மேடம்?" என்று கேட்டார். நீங்க இல்ல என்றார் அந்தப் பெண். காதில் விழாத மாதிரி இவர் அதையே திரும்பக் கேட்டார். அவரும் பொறுமையாகத் திரும்பச் சொன்னார். அப்புறம் உங்கள் தம்பி சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்த வாளிக்குள் தன் புண்பட்ட கையை விட்டார். எடுக்கவே இல்லை. நான்தான் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

படகுக்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனார். அவர் வாய் மூடி இருந்ததை முதல் தடவையாகப் பார்த்தேன்.

நான் வேலியில் எறிந்த காலத்தில் ஒன்றும் ஆகவில்லை. உங்கள் தம்பி வேலியில் விரித்தபோதும் ஒன்றும் ஆகவில்லை. அவருக்குப் பயந்து நான் எடுத்து எடுத்துத் திணித்தேனே, அதுதான் பற்றிக்கொண்டது. போதும், இதற்கு மேல் இன்று எழுத வரவில்லை.

வாலு நன்றாக இருக்கிறாள். நீங்களும் நன்றாக இருங்கள்.

உங்கள்,
வாலுவின் அம்மா


அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் எழுதிய கடிதம் நேற்று வந்து சேர்ந்தது. முதல் புகையைப் பற்றிப் படித்துவிட்டு எழுதியது என்று தெரிகிறது. தம்பியைத் திரும்ப ஆஸ்பத்திரியில் விட்டுவிடு, நான் இன்னும் கொஞ்ச காலம் கடலிலேயே இருந்துகொள்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கிழிக்கவில்லை. அவர் கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன்.

அவருடைய கை ஆறி வருகிறது. கட்டுப் போடுவது நான்தான், இந்த வீட்டுக்காரர்களின் கைக்கெல்லாம் கட்டுப் போடத்தான் வந்து வாய்த்தேன் போலிருக்கிறது. முதலில் ஆறிய இடது கையாலேயே இரண்டு படகையும் முடித்துவிட்டார். கருகிய மூக்குப் பலகையைச் சுரண்டி, புதிதாக எண்ணெய் ஏற்றி, எது பழசு எது புதுசு என்று தெரியாதபடி ஆக்கிவிட்டார். படகுக்காரர் வந்து தடவிப் பார்த்து, அடுத்த மழைக்கும் நீதான் தம்பி செய்யணும் என்று சொல்லிவிட்டுப் போனார். துணிகளை இப்போது வேலியில் ஒன்றோடு ஒன்று படாமல் விரிக்கிறோம். காய்ந்து விறைத்ததும் தண்ணீர் நிரப்பிய தகர டின்னில் போட்டு மூடுகிறோம், அந்த அதிகாரி சொன்னபடி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இப்போது எதைப் பார்த்தாலும் உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும். அழுக்குத் துணிக்கூடை, மெத்தை, வாலுவின் பள்ளிக்கூடப் பை, ஒன்றையும் விடுவதில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். உங்கள் தம்பியோ, முதல் சில நாள் வெளியே பூட்டினால்தான் தூக்கம் வரும் என்று அடம்பிடித்தார். கூடத்தில் பாய் போட்டுக் கொடுத்தேன். கூடத்துக்குக் கதவே இல்லை.

ஒரு நாள் சங்கிலிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது நான் சும்மா இராமல், ஒருவேளை அந்தத் தையல் கடையும் இப்படித் தானாகவே பற்றியிருக்குமோ என்று கேட்டேன். அவரைத் தேற்றுகிறதாக எனக்கு நினைப்பு. அவர் தலையை ஆட்டினார். "இல்ல அண்ணி. அது நான்தான். குச்சி கையில இருந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அண்ணன் கை எரிஞ்சதும் ஞாபகம் இருக்கு." இரண்டு பேரும் சங்கிலியை முடித்தோம்.

அவர் அடுப்புப் பக்கம் வந்தால் இன்னமும் என் முதுகு சில்லிடுகிறது. அதை மறைக்காமல் அவரிடமே சொல்லிவிட்டேன். எனக்கும் அப்படித்தான் அண்ணி என்றார். இப்போது நான் அடுப்புப் பற்ற வைக்கும்போது அவரும் கூட நிற்கிறார். யாருக்காக யார் நிற்கிறோம் என்று கேட்காதீர்கள்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாமல் படியுங்கள். நீங்கள் கடலுக்குப் போனது வேலைக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு நாளும் அந்தப் படி ஏறாமல் இருந்ததும், அவரைக் கூட்டி வா என்று என்னிடம் சொல்லிவிட்டு நீங்கள் தள்ளியே இருந்ததும் ஏன் என்று தெரியும். நெருப்புக்குள் போய் வந்தவர் நீங்கள். உங்களைக் குறை சொல்ல நான் யார்? ஒரு கதவுக்கு முன்னால் நின்றவள்தானே நானும்.

கையெழுத்துப் போட்டிருந்தால் கேப்டனிடம் பேசிப் பாருங்கள். போடவில்லையென்றால் போடாதீர்கள். பயமெல்லாம் போன பிறகு வரலாம் என்று காத்திருக்க வேண்டாம், அது சொல்லிவிட்டுப் போகிற ஜாதி இல்லை. பயமாக இருந்தால் பயத்தோடேயே வந்து சேருங்கள். இங்கே நாங்கள் அப்படித்தான் இருக்கிறோம், அப்படியே சாப்பிடுகிறோம், தூங்குகிறோம்.

காற்றும் நீரும் உங்களைப் பத்திரமாகக் கரையில் இறக்கட்டும். கூடத்தில் இன்னொரு பாய்க்கு இடம் இருக்கிறது.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
வாலுவின் அம்மா